நோன்பும் முதல் டம்ளரும்

செம்பூர் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் செல்வி கோவண்டிப் பெண். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் ஓயாது. ரம்ஜான் மாதம் நெருங்கியதும், "அக்கா, நோன்பு வச்சிக்கிட்டு எப்படி காபி டேஸ்ட் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செல்விக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இதை முடிக்க அவளுக்கு ஒரு மாதமாவது ஆகும். அதுவரை கடை அமைதியாக இருக்கும்.

எனக்கு முப்பது வயதுதான் ஆகிறது. ஆனாலும் மாட்டுங்கா கடையில் நான் வகித்த பதவியிலிருந்து முறையாக மாலை போட்டு அனுப்பப்பட்டவள். அனுபவம் எழுத அந்தத் தகுதி போதும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். உம்மா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதே என் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான். தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்து, பிறகு காலேஜுக்கும் போய் பி.காம். வாங்கினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்படிப் படித்தவள் காபிக் கடை வேலைக்குப் போகிறாள் என்றதும் எங்கள் சந்தே சிரித்தது. பக்கத்து வீட்டு மாமி, "அவ்வளவும் படிச்சிட்டு காப்பி ஆத்தவா போறா உம்மவ?" என்று உம்மாவிடம் நேராகவே கேட்டாள். அதைவிட வேடிக்கை, எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்தது கிடையாது. காலையில் டீ, சாயங்காலம் டீ, விருந்தாளி வந்தால் ஏலக்காய் போட்ட டீ.

உண்மையில் நான் கணக்கு எழுதத்தான் போனேன். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில், நாலு மேஜையும் நின்று குடிக்க ஒரு நீளக் கடப்பைக் கல்லும் கொண்ட கடை. முதலாளியைப் பெரியவர் சிறியவர் எல்லாரும் கிட்டண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்ததும் வளர்ந்ததும் மாட்டுங்காவில். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் கடையின் காபி மாஸ்டர் ஊருக்குப் போனார், அங்கேயே ஹோட்டல் வைத்துவிட்டார். கிட்டண்ணா என் மேஜைக்கு வந்து, கணக்கை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீ இங்கே வா என்றார்.

கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. கை சுட்டது, ஆறியது, மறுபடி சுட்டது. ஃபில்டரில் பொடியை அமுக்கினால் டிகாக்ஷன் இறங்காது, அமுக்காவிட்டால் தண்ணீராக இறங்கும் என்பதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொதிக்கிற தண்ணீரை அப்படியே கொட்டக் கூடாது. கொதி அடங்கியதும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாக ஊற்ற வேண்டும். பால் ஒருமுறைதான் பொங்க வேண்டும். மும்பையில் நமக்குக் கிடைப்பது எருமைப் பால். கெட்டி, மணமும் உண்டு, ஆனால் கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் அடிப்பிடித்துவிடும். அதனால் பாலுக்கென்று தனி ஆள். அவர்தான் யாதவ் பையா. பனாரஸ் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்னை தீதி, அதாவது அக்கா என்பார். காபி அவருக்கும் பிடிக்காது.

ஆக, கடையில் காபி தெரிந்தவர் ஒருவர்தான், கிட்டண்ணா. அது ஊருக்கே தெரியும். அதற்குக் காரணம் முதல் டம்ளர்.

காலையில் ஷட்டரைத் தூக்கி, விளக்கேற்றி, முதல் டிகாக்ஷனும் முதல் பாலும் கலந்து டபராவில் வைப்பேன். வெளியே டோக்கனுக்கு வரிசை நிற்கும். கிட்டண்ணா டம்ளரை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் வரிசையைப் பார்த்து நிற்பார். உடனே குடிக்கமாட்டார். மூக்குக்கு நேராகப் பிடித்து, ஸ்டேஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ தூரத்தில் பேசுவதைக் கேட்பவர்போல இருப்பார். பிறகு ஒரு வாய். அதை விழுங்காமல் சற்று வைத்திருப்பார். வரிசையில் இருமல்கூட இருக்காது. விழுங்கிவிட்டுத் தலையை ஒருமுறை ஆட்டினால் டோக்கன் தரலாம். ஆட்டாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் ட்ரெயினை விட்டாலும் கோபப்படமாட்டார்கள். ஆபீஸில் போய், இன்றைக்குக் கிட்டண்ணா இரண்டு முறை கொட்டினாராக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த மூக்குக்காகக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வேலை செய்பவர்கள் பவுடர் பூசக் கூடாது, பூ வைக்கக் கூடாது, வாசனைச் சோப்பும் ஆகாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து, "நூரு, இன்னிக்கு வேற சோப்பாக்கும்" என்று குரல் வரும். ஒருமுறை யாதவ் பையா தலைக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார். கிட்டண்ணா அவரைத் தெருக்குழாய்க்கு அனுப்பி, நின்று பார்த்துக் குளிக்க வைத்தார்.

கொரோனா சமயத்தில் கிட்டண்ணா காய்ச்சலில் படுத்துப் பிழைத்து வந்தார். கடையை மறுபடி திறந்தோம். முதல் டம்ளர், கூரைப் பார்வை, தலையாட்டல் எல்லாம் பழையபடி நடந்தன. ஆனால் ஒரு நாளும் அவர் கொட்டவில்லை. என் கை திருந்திவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்மைப் பற்றி நல்லதாக நினைக்க யாருக்குத்தான் கசக்கும்.

அப்புறம் என் மாமா மகளின் நிக்காஹ் வந்தது. அங்கே யாரோ என் துப்பட்டாவில் அத்தரைப் பூசியிருக்கிறார்கள். மறுநாள் காலை அவசரத்தில் அதே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாதவ் பையா ஒருமுறை தும்மினார். நான் பயந்துபோய் கிட்டண்ணாவின் பக்கத்திலேயே நிற்கிறேன். அவர் டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்தார், கூரையைப் பார்த்தார், குடித்தார், தலையை ஆட்டினார். அந்த அத்தருக்குப் பக்கத்தில் நின்று யாராலும் காபியை மோந்திருக்க முடியாது.

கூட்டம் குறைந்ததும் துப்பட்டாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "அண்ணா, இது என்ன வாசனைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் துப்பட்டாவையே பார்த்தார். "நீலம்" என்றார்.

பிறகு கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். "ஜுரத்தோட போயிடுத்து. நேக்கு ஒண்ணும் தெரியலை, நூரு. இனிப்பு தெரியறது, கசப்பு தெரியறது. மத்ததெல்லாம் வெந்நீர். யார்கிட்டயும் சொல்லப்படாது, கேட்டியா."

நான் சொல்வதாக இல்லை. அந்தக் கடை ஓடியதே அவர் மூக்கில்தான். அது போய்விட்டது என்று வெளியே தெரிந்தால், சிக்னல் அருகில் புதிதாகத் திறந்திருந்த மெஷின் காபிக் கடைக்கு வரிசை அப்படியே நகர்ந்துவிடும்.

அன்றிலிருந்து நான் உள்ளே ஒரு வாய் ருசி பார்த்து அவருக்கு ஜாடை சொல்வதென்று ஏற்பாடு. கையால் ஜாடை காட்டினால் வரிசைக்குத் தெரியும். அதனால் யாதவ் பையாவிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும். நான் "தூத் தேக்கோ", அதாவது பாலைப் பார் என்று குரல் கொடுத்தால், டிகாக்ஷன் போதவில்லை, இன்னும் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். "பானி பர்தோ", தண்ணீர் நிரப்பு என்றால் டிகாக்ஷன் அதிகம், பால் சேர்க்கச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் சரியாக இருக்கிறது. திட்டம் போட்டது கிட்டண்ணா. யாதவ் பையாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவர் வாய் நிற்காது என்றவரும் கிட்டண்ணாதான்.

பாவம் யாதவ் பையா. நான் "தூத் தேக்கோ" என்றதும் அடுப்புக்கு ஓடுவார். பால் சும்மா இருக்கும். "பானி பர்தோ" என்றதும் பாய்லரைத் திறப்பார். கழுத்து வரை தண்ணீர் இருக்கும். சில வாரங்களில் அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார். கல்யாணம் ஆகாமல் அதிக நாள் படித்தால் பெண்களுக்கு இப்படி ஆகும் என்று பக்கத்து இளநீர்க்காரரிடம் சொன்னதாகக் கேள்வி.

இதுவும் ஓடியிருக்கும். ஆனால் பரமேஸ்வரன் சார் இருந்தார்.

பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் முதல் ஆள். கடைத் தெருக் கோடியில் இருக்கும் கல்யாண ஹாலின் செயலாளரும் அவர்தான். கடை மறுபடி திறந்ததிலிருந்து தினமும் ஒரே புகார்: "கிட்டா, பழைய மணம் இல்லையே." கிட்டண்ணாவால் மறுத்துப் பேச முடியவில்லை. மணம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் கொட்டையை மாற்றச் சொன்னார், வறுவலை ஏற்றச் சொன்னார், சிக்கரியைக் குறைக்கச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் சரி அண்ணா என்று சொல்லிவிட்டு ஒன்றையும் மாற்றவில்லை. காபி நன்றாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். வரிசையில் வேறு யாரும் குறை சொல்லவுமில்லை. பரமேஸ்வரன் சார் மட்டும் தினமும் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கி, இல்லையே என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஹால் கமிட்டி, வருஷம் முழுவதும் கல்யாணங்களுக்குக் காபி போட ஒரு கடையைத் தேடியது. கமிட்டி என்றால் பரமேஸ்வரன் சார், மற்றவர்கள் கையெழுத்துக்கு. மெஷின்காரர்களும் கேட்டிருந்தார்கள். ஊரடங்குக்கு அப்புறம் எங்கள் வியாபாரம் பாதியாகத்தான் திரும்பியிருந்தது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையை யாராவது மொபைல் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று கிட்டண்ணா ஒரு நாள் என்னிடம் சொன்னார். சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. பரமேஸ்வரன் சார், வருகிற வெள்ளிக்கிழமை செயலாளராக வந்து குடித்துப் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை ரம்ஜானுக்குள் வந்தது.

நோன்பு தொடங்கியதும் என் நாக்கு வேலைநிறுத்தம் செய்தாயிற்று. கிட்டண்ணாவுக்கு மூக்கு இல்லை, எனக்கு வாய் இல்லை, யாதவ் பையாவுக்குக் காபியே ஆகாது. உம்மாவிடம் புலம்பினேன். அவள் அதற்குள் விசாரித்து வைத்திருந்தாள்.

"நாக்கு நுனியில வச்சிப் பாத்துட்டுத் துப்பிரு. முழுங்காட்டா ஒண்ணுமில்லன்னு பள்ளிவாசல் அசரத்தே சொல்லிட்டாவ."

"எங்க துப்ப, வரிசை முன்னாலயா? காபி போடுறவளே வாயில வச்சிட்டுத் துப்புறா, அதை நம்மகிட்ட விக்கிறான்னு சொல்லமாட்டாங்களா?"

உம்மா யோசித்தாள். "அப்ப முகத்தைக் கொஞ்சம் சந்தோசமா வச்சிக்கிட்டுத் துப்பு" என்றாள்.

அது நடக்கிற காரியமில்லை. மூக்கு ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிப்பது என்று முடிவு செய்தேன். ஆச்சரியம் என்னவென்றால், சமாளிக்க முடிந்தது. இத்தனை நாள் நாக்கு முந்திக்கொண்டதில் கவனிக்காத பலவும் இப்போது தெரிந்தன. டிகாக்ஷன் சொட்டும் சத்தம் முதலில் கனமாக, தனித்தனியாக விழும். சத்தம் அவசரப்பட்டால் தண்ணியாகப் போகிறது என்று அர்த்தம். டம்ளரைச் சாய்த்தால் ஓரத்தில் சிவப்பு வளையம் நின்று மெல்ல இறங்க வேண்டும். நல்ல காபியின் வாசனை முதலில் மூக்கில் இடிக்காது. ஒரு நொடி கழித்துத்தான் வரும், வந்தால் போகாது. வெறும் வயிற்றுக்கு எல்லா வாசனையும் இரண்டு மடங்காகத் தெரிகிறது என்பதும் ஓர் உதவி. பசியில் இருப்பவளைவிட நல்ல மூக்கு யாருக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை டிகாக்ஷன் பிரமாதமாக இறங்கியது. என் வேலை நாட்களில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று இறங்கியதில்லை என்றே சொல்வேன். பரமேஸ்வரன் சார் இஸ்திரி போட்ட ஜிப்பாவில் வந்து கல் பலகை அருகே நின்றார். வரிசையும் விஷயம் தெரிந்து வேடிக்கை பார்க்க நெருங்கி நின்றது. செயலாளருக்குத் தானே கலப்பதாகச் சொல்லி, கிட்டண்ணா என்னைத் தள்ளிவிட்டு டபராவைக் கையில் எடுத்தார்.

அப்போது எனக்கு வாசனை வந்தது. பால் அடிப்பிடிக்கிறது.

அடுப்புக்கும் எனக்கும் நடுவில் கிட்டண்ணா நின்றார். யாதவ் பையா அடுப்புக்கு முதுகைக் காட்டி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். "தூத் தேக்கோ" என்று கத்தினேன். இந்த முறை நிஜமாகவே பாலைத்தான் சொன்னேன். அவர் திரும்பக்கூட இல்லை. "ஹாங் ஹாங், தீதி" என்று கழுவிக்கொண்டே சொன்னார். மாதக்கணக்காகச் சும்மா ஓடிய மனிதர், இனி ஓடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்திருக்கிறார். ஆனால் கிட்டண்ணாவின் காதில் அது விழுந்தது. டிகாக்ஷன் போதவில்லை என்று ஒரு கரண்டி சேர்த்தார். "பையா, தூத் தேக்கோ" என்று மறுபடி கத்தினேன். கிட்டண்ணா இன்னொரு கரண்டி சேர்த்தார். மூன்றாவது முறை நான் கத்தியபோது என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, டிகாக்ஷன் பாத்திரத்தையே சாய்த்தார். அதன் மேல் அடுப்பிலிருந்து அந்தப் பாலை எடுத்து ஊற்றி, உயரத் தூக்கி ஆற்றினார். தார் போன்ற ஒன்று நுரைத்துக்கொண்டு டம்ளரில் இறங்கியது.

அவர் நகர்ந்ததும் நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அதற்குள் கடை முழுக்கத் தீய்ந்த வாடை. வரிசையில் முன்னால் நின்ற அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பின்னால் ஒருவர் கைக்குட்டையைத் தேடினார். கிட்டண்ணா முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு படியில் நின்றார். மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஸ்டேஷன் கூரையைப் பார்த்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். பிறகு இரண்டாவது டம்ளரை இரண்டு கையாலும் பரமேஸ்வரன் சாரிடம் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

பரமேஸ்வரன் சார் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "கிட்டா, இதாக்கும் காபி" என்றார். "இத்தனை மாசமா இதை எங்கே வச்சிருந்தே? இப்போதான் காபி குடிச்ச மாதிரி இருக்கு. ஹால் ஆர்டர் நோக்குத்தான். ஆனா இதே பதம், ஒரு சொட்டு மாறப்படாது."

கிட்டண்ணா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் புன்னகை செய்ய முயன்றேன். அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தனையோ பேர் வருவார்கள், அத்தனை பேருக்கும் இந்தத் தீய்ந்த கஷாயத்தை, அதுவும் நான் போட்டதாக, டம்ளர் டம்ளராகக் கொடுக்க வேண்டும். மூக்குப் போனது வெளியே தெரியக் கூடாதுதான். ஆனால் இது என் பெயரில் போகப்போகிற காபி. எனக்கு அந்தப் பெருமை பொறுக்கவில்லை.

"சார், அது அடிப்பிடிச்ச பால்" என்றேன்.

பரமேஸ்வரன் சார் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கறே, குட்டி. குடிக்காம நோக்கு எப்படித் தெரியும்?"

"நாக்குக்குத்தான் நோன்பு சார். மூக்குக்கு இல்லை."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசை முழுக்க மூக்கை மூடிக்கொண்டு நின்றது. அவர் ஜிப்பாவைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிட்டண்ணாவின் கையில் இருந்த டம்ளரையும் அதில் ஒரு வாய் குறைந்திருந்ததையும் பார்த்தார்.

"கிட்டா, நோக்குமா?" என்றார்.

கிட்டண்ணா தலையை ஆட்டினார். "அந்த ஜுரத்தோட."

"நேக்கும் அதோடதான். நோக்குத் தெரியறதாக்கும்னு நெனச்சேன். நீதான் தெனமும் வாசல்ல நின்னு மோந்து பாத்து மண்டையை ஆட்டறியே. அப்போ மணம் இருக்கணும்தானே? நேக்கு வரலைன்னா காபியில குறைன்னு நெனச்சுண்டேன்."

"நீ மணம் இல்லைன்னு சொன்னதாலே நான் கொட்டையை மாத்தப் பாத்தேன்."

"மாத்தலையே?"

"மாத்தச் சொன்னேன். இவ முழியைப் பாத்தா மாத்தலைன்னு இப்போ தெரியறது."

அவர்களுக்குப் பால் தீய்ந்தது தெரியவில்லை. நாக்கில் மிச்சமிருந்தவை இனிப்பும் கசப்பும்தான்; அந்தக் கரண்டிக் கணக்கில் கசப்பு மட்டும் அவர்களைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பல மாதம் கழித்து நாக்கில் ஏதோ ஒன்று பட்டதும், அதையே பழைய காபி என்று ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் ஆர்டரே கொடுத்துவிட்டார்.

இத்தனையும் வரிசைக்கு முன்னால். கடையின் பெயர் இதோடு போயிற்று என்று நான் நினைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அந்த அம்மா முந்தானையை விலக்கினார். "அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ட்ரெயின் போயிடும். வேற பால் காய்ச்சுவேளா மாட்டேளா?" என்றார். பின்னால் நின்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். மூக்கு யாருடையது என்பதில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நான் புதுப் பால் காய்ச்சினேன். யாதவ் பையா பால் பாத்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹால் ஆர்டர் எங்களுக்கே வந்தது. ஒரே ஒரு நிபந்தனை, முதல் டம்ளரை இனி மூக்கு உள்ளவர்தான் பார்க்க வேண்டும். அப்படித்தான் அந்தப் பதவி எனக்கு வந்தது. பெருநாள் வரை வாசல்படியில் நின்று மோந்து பார்த்து மட்டும் தலையாட்டினேன். பெருநாளுக்கு மறுநாள் ஒரு வாய் குடித்துவிட்டு ஆட்டியபோது வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அப்போது நான் ஸ்டேஷன் கூரையைப் பார்க்க மறக்கவில்லை.

பதவியோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. கிட்டண்ணாவும் பரமேஸ்வரன் சாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு வாசனை எப்படி என்று என்னைச் சொல்லச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறது என்றால் விடமாட்டார்கள். நன்றாக என்றால் எப்படி? எனக்குத் தெரிந்த வாசனைகள் தாராவி வாசனைகள். ஒரு நாள், புதுத் தோல் கடைக்குள் நுழைந்தது போல இருக்கிறது என்றேன். பரமேஸ்வரன் சார் டம்ளரைக் கீழே வைத்து, செருப்பா என்று கேட்டார். செருப்பில்லை சார், இன்னும் யாரும் தோளில் மாட்டாத பை என்றேன். சரி என்று எடுத்துக் குடித்தார். குயவர் சந்தில் சூளை திறக்கிற வாசனை, பேக்கரியில் முதல் தட்டு வருகிற வாசனை, மழை வரப்போகும் தகரக்கூரை என்று தினமும் ஒன்று தேட வேண்டியிருந்தது. ஒரே உவமையை இரண்டாம் முறை சொன்னால், நேற்றுச் சொன்னதையே சூடு பண்ணித் தருகிறாயா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டில்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஆனால் அவர்கள் குடிக்கும் விதம் மாறியிருந்தது. நான் சொல்லி முடித்த பிறகுதான் முதல் வாய். கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்னதைத் தேடுகிறவர்கள் போல.

பிறகு ஒரு காலை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிட்டண்ணா குறுக்கிட்டார். "இல்லை நூரு. நீ சொல்றது முன்னாடி வரது. பின்னாடி லேசா ஒரு புளிச்ச வாசனை இருக்கு."

இல்லை என்றேன். இருக்கிறது என்றார். நான் வாதாடினேன். கடைசியில் மறுபடி மோந்தேன். இருந்தது. கொட்டை மூட்டையில் லேசாக ஈரம் பட்டிருந்தது. நான் தலையை ஆட்டிய டிகாக்ஷனை கிட்டண்ணா தன் கையாலேயே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் நஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு வாசல்படியில் இரண்டு மூக்குகள் நிற்க முடியாது. ஹால் ஆர்டர் வந்ததிலிருந்தே செம்பூரில் கிளை திறக்கும் யோசனை இருந்தது. கிட்டண்ணா அதை என் பொறுப்பில் விட்டார். கிளம்பும் நாளில் ரோஜா மாலை ஒன்று வாங்கி வந்து கடைக்கு வெளியே, தெருவில் நிற்கவைத்துப் போட்டார். உள்ளே போட்டால் வாசனை வருமாம்.

செம்பூர் கடை திறந்து சில வாரத்தில் ஒரு காலை பரமேஸ்வரன் சார் டாக்ஸியிலிருந்து இறங்கினார். மாட்டுங்காவிலிருந்து இவ்வளவு தூரம் காபிக்காகவா சார் என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிட்டனுக்கு மூக்கு வந்துடுத்து, வாய் போயிடுத்து. எப்படி இருக்குன்னு கேட்டா, பேஷா இருக்குங்கறான். பேஷா இருந்தா போறுமா? நேக்கு இன்னும் வரலையே. டாக்டர் இனிமே வராதுன்னுட்டார்."

கடைசி வாக்கியத்தை டபராவைப் பார்த்துச் சொன்னார். நான் புதிதாக ஒரு காபி கலந்து, வாசனை பார்த்துவிட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "ம், சொல்லு" என்றார்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். செல்வி டோக்கனை நீட்டியபடி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு முறை குனிந்து மோந்தேன்.

"லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற நாள் சார். புதுப் புஸ்தகம் கொடுக்கிறாங்க. நடுப்பக்கத்தைப் பிரிச்சு மூஞ்சில வச்சிருக்கோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டம்ளரை எடுத்தார்.